மலைக்குக் கொண்டு போன தண்ணீர்

உங்களிடம் ஒரு கேள்வி. மலைநாட்டுக்குச் சுற்றுலா போகிறவர்கள் யாராவது வீட்டிலிருந்து தண்ணீர் கொண்டு போவார்களா?

என் மச்சாள் கொண்டு போவாள்.

தம்பி சுதனின் மனைவி அவள். பெயர் வதனி. பிறந்தது சாம்பல்தீவில், மீன்பிடிக் குடும்பத்தில். இப்போது திருகோணமலை ரவுணில் ஒரு வங்கியில் வேலை. எங்கள் குடும்பத்தின் நிதியமைச்சரும் அவள்தான். பொங்கல் கழிந்த கையோடு, குறைந்த செலவில் மலையும் குளமும் கிராமமும் பார்த்து வருவோம் என்று நான்கு பேர் புறப்பட்டோம். நான், என் கணவர், சுதன், வதனி. இரவல் வேன். திட்டம் முழுக்க வதனியுடையது. விடிய லிங்கநகரில் எங்கள் வாசலுக்கு வந்த வேனை எட்டிப் பார்த்தால்... பின்பக்கம் மூன்று பெரிய பிளாஸ்டிக் கேன்களில் தண்ணீர்.

"வழியில ஒரு போத்தில் தண்ணி வாங்கிறேல்ல," என்றாள். இடியப்பமும் சம்பலும் கூட வந்திருந்தன.

"மகாவலி ஆறு அங்க இருந்துதான் எங்கட மூதூருக்கு இறங்கி வருது," என்றான் சுதன். "நீ அதைத் திருப்பி ஏத்திக்கொண்டு போறாய்."

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். வதனி சிரிக்கவில்லை. சாமான்களைக் கூரையில் வைத்து, நீளமான நைலோன் கயிற்றால் கட்டி, முடிச்சை இழுத்துப் பார்த்துவிட்டு ஏறிக்கொண்டாள்.

சிக்கனப் பயணம் என்றால் என்ன? எல்லாவற்றையும் பார்ப்பது, எதற்குள்ளும் ஏறாமல் இருப்பது. நுவரெலியாக் குளத்தில் படகு ஓடியது. நாங்கள் கரையில் நின்று பார்த்தோம். தேயிலைத் தொழிற்சாலையை வெளியே நின்று மணந்து பார்த்தோம். தெரிந்தவர் வீட்டு மேல்மாடியில் ஒரே அறையில் நான்கு பேரும் நடுங்கினோம். ஆனாலும் சும்மா சொல்லக்கூடாது, சந்தோஷமாகத்தான் இருந்தது.

திரும்பும் நாளில் கேன்கள் காலி. "இதை எறிஞ்சு விடுவமே, கால் நீட்ட இடமில்ல," என்றேன் நான்.

"கேன் வீட்டுக்கு வரோணும் மச்சாள்," என்றாள் அவள்.

றம்பொடை வளைவுகளில் இறங்கும்போது கீழே நீர்த்தேக்கம் தெரிந்தது. கொத்மலைப் பக்கத்துத் தண்ணீர். பச்சை மலைகளுக்கு நடுவே அசையாமல் கிடந்தது. மத்தியானச் சாப்பாட்டுக்கு நல்ல இடம், அதுவும் இலவசம். ஒரு கிராமத்துப் பாதையில் இறங்கி, மரக்கறித் தோட்டங்களைத் தாண்டி, ஆளில்லாத கரையில் வேனை நிறுத்தினோம்.

கரையில் மூன்று மொழியில் ஒரு பலகை. நீராடுவது ஆபத்து.

சுதன் அதை வாசித்தான். வாசித்துவிட்டுச் சட்டையைக் கழற்றி அந்தப் பலகையிலேயே கொழுவினான்.

"டேய், எழுதியிருக்கிறது தெரியேல்லயோ?" என்றேன்.

"அது இங்க உள்ள ஆக்களுக்கு அக்கா. நாங்க கடலில பிறந்து வளந்தனாங்கள். இது குளம்தானே. அலைகூட இல்ல."

இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் உப்புவெளிக் கரையிலும் இதே மாதிரிப் பலகை இருக்கிறது. மழைக்காலக் கடலில் இறங்க வேண்டாம் என்று. வெளியூரில் இருந்து வருகிறவர்கள் அதைத் திரும்பியும் பார்க்காமல் இறங்குவார்கள். அவர்களைப் பார்த்து ஊரிலேயே அதிகம் ஏசுகிற ஆள் சுதன்தான். "கடலைத் தெரியாத சனம்" என்பான். நானும் தலையாட்டியிருக்கிறேன்.

அவன் இறங்கி நீந்திப் போனான். நன்றாகவே போனான். துறைமுகத்தில் வேலை செய்கிறவன், நீச்சலில் குறை சொல்ல ஏலாது. கொஞ்சத் தூரம் போனதும் மல்லாந்து மிதக்கத் தொடங்கினான். அது அவனுடைய பழைய வித்தை. உப்புவெளியில் கை கால் அசைக்காமல் பிணம் போலக் கிடப்பான். நாங்கள் பயந்து கத்தினால் எழும்பிச் சிரிப்பான். நாங்கள் பயப்படுவதை எப்போதோ நிறுத்திவிட்டோம்.

அதனால்தான் நான் சம்பல் டப்பாவைத் திறந்துகொண்டிருந்தேன்.

"மச்சாள்," என்றாள் வதனி. குரல் ஒரு மாதிரி இருந்தது. "கால் விரல் தெரியேல்ல."

"என்ன?"

"கடலில படுத்தா அவருக்குக் கால் விரல் வெளியில நிக்கும். இப்ப முகம் மட்டும்தான் தெரியுது."

பார்த்தேன். உண்மைதான். உப்புத் தண்ணீர் அவனைத் தாங்கும். கால்களைத் தூக்கிக் கொடுக்கும். இது நல்ல தண்ணீர். அதுவும் எலும்பைக் கடிக்கிற குளிர்த் தண்ணீர். கால் கீழே போய்க்கொண்டிருந்தது. அவன் கையை ஒருமுறை அடித்தான். இன்னொருமுறை. அது விளையாட்டு இல்லை.

"கால் இழுத்துப் பிடிக்குது," என்று கத்தினான். "கால் ஏலாது..."

அந்த நேரம் பார்த்தா மூடுபனி வர வேண்டும்? மலையில் இருந்து சரிந்து வந்து தண்ணீர் மேல் படர்ந்தது. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே எதிர்க்கரை போனது. பிறகு நடுக்குளம் போனது. பிறகு சுதன் போனான்.

என் தம்பியைக் காணவில்லை. முன்னால் வெறும் வெள்ளை.

என் கணவர் செருப்போடு தண்ணீருக்குள் ஓடினார். நாலடி வைத்ததும் இடுப்பளவு. அடுத்த அடியில் சேறு உள்ளே இழுத்தது.

"அண்ணா, நில்லுங்கோ," என்று வதனி தடுத்தாள். "நீங்களும் போனா ரெண்டு பேரைத் தேடோணும்." பிறகு வெள்ளையைப் பார்த்துக் கத்தினாள். "இஞ்சேருங்கோ, கதைச்சுக்கொண்டே இருங்கோ. எதையாவது கதையுங்கோ."

"வதனி..."

"கேக்குது. இன்னும் கதையுங்கோ."

கத்திக்கொண்டே வேனுக்கு ஓடினாள். கூரைக் கயிற்றை அவிழ்த்தாள். பைகள் பொத்துப் பொத்தென்று விழுந்தன. இரண்டு கேன்களை இழுத்து வந்தாள். மூடியை இறுக்கி, ஒன்றாகச் சேர்த்து, கைப்பிடியில் கயிற்றைக் கோத்து முடிச்சுப் போட்டாள். வலைக்கு மிதவை கட்டுகிற முடிச்சு.

குரல் வந்த பக்கம் வீசினாள். வெறும் கேன்கள். காற்று அவற்றைத் தூக்கி எங்கள் முன்னாலேயே போட்டது.

"வதனி..." இந்தமுறை குரல் சின்னதாக இருந்தது. வாயில் தண்ணீர் போன குரல்.

அவள் கேன்களை இழுத்தெடுத்து, மூடியைத் திறந்து, குளத்துத் தண்ணீரைக் கொஞ்சம் உள்ளே விட்டாள். "பாரம் இருந்தாத்தான் போகும்," என்று தனக்கே சொல்லிக்கொண்டாள். மூடினாள். இடுப்பளவுத் தண்ணீரில் நின்ற இவரிடம் கொடுத்தாள். "அண்ணா, குரலுக்கு அங்கால எறியுங்கோ. தலைக்கு எறிய வேணாம்."

இவர் சுழற்றி எறிந்தார். பனிக்குள் எங்கேயோ 'தொப்' என்றது.

"விழுந்திட்டுது. தெரியுதோ? கதையுங்கோ."

பதில் இல்லை.

"சுதன்," என்றாள். அவள் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதே இல்லை. "சுதன்."

பதில் இல்லை. எனக்கு அம்மாவின் முகம் வந்தது. ஊருக்குப் போய் அம்மாவுக்கு என்ன சொல்வது? நானும்தானே பக்கத்தில் இருந்தேன். இவர் கயிற்றை மெல்ல இழுத்துப் பார்த்தார். லேசாக வந்தது. வதனி அந்தக் கயிற்றில் கையை வைத்தாள். இழுக்க விடவில்லை. "பொறுங்கோ," என்றாள். எவ்வளவு நேரம் பொறுத்தோம் என்று கேட்காதீர்கள். எனக்குத் தெரியாது.

கயிறு இறுகியது.

மூன்று பேரும் இழுத்தோம். பனிக்குள் இருந்து முதலில் கேன் வந்தது. அதைக் கட்டிப்பிடித்தபடி, உதடெல்லாம் நீலமாக, என் தம்பி வந்தான்.

சேற்றில் கிடத்தி, இருந்த துணியெல்லாம் போர்த்தி, கால்களைத் தேய்த்தோம். நான் வாய்விட்டு அழுதேன். வதனி அழவில்லை. கயிற்றை அவிழ்த்துச் சுருட்டினாள். கேனைக் கழுவினாள். பலகையில் தொங்கிய சட்டையை எடுத்து உதறி மடித்தாள்.

கண்டி, மாத்தளை, தம்புள்ளை... வேன் ஓடிக்கொண்டே இருந்தது. கந்தளாய்க் குளக்கட்டு தெரிந்தபோதுதான் வதனி உடைந்தாள். "கதைக்காம விட்டுட்டீங்கள்," என்று திரும்பத் திரும்பச் சொல்லி அழுதாள். அவன் தலையைக் குனிந்து, "வாய் முழுக்கத் தண்ணி," என்றான். "ஆனா நீ கூப்பிட்டது கேட்டது."

வீட்டுக்கு வந்து யோசித்துப் பார்க்கிறேன். நீந்தத் தெரியாதவன் பலகையை வாசித்ததும் பின்வாங்குவான். தெரிந்தவன்தான் அது வேறு யாருக்கோ எழுதியது என்று நினைப்பான். எங்கள் ஊர்த் தண்ணீரைத் தெரிந்து வைத்திருக்கிறோம், சரி. அதை வைத்துக்கொண்டு ஊரெல்லாம் உள்ள தண்ணீரைத் தெரியும் என்று யார் எங்களுக்குச் சொன்னது?

போன ஞாயிறு எல்லோரும் உப்புவெளிக் கரைக்குப் போனோம், வதனி வழக்கம்போலத் தண்ணீர்க் கேனோடு. கடல் இன்னும் அடங்கவில்லை. மலைநாட்டு ஹட்டன் பக்கத்தில் இருந்து வந்த இளைஞர்கள் சிலர் சட்டைகளைப் பலகையில் கொழுவிவிட்டு இறங்கத் தயாராக நின்றார்கள். சுதன் எழும்பிப் போனான். ஏசப்போகிறான் என்று நினைத்தேன். ஏசவில்லை. மெதுவாகத்தான் சொன்னான். "தம்பி, இப்ப இறங்க வேணாம். கீழால இழுக்கும்."

"பயப்படாதீங்கண்ணே," என்றான் ஒருவன் சிரித்துக்கொண்டே. "நாங்க டேம்ல நீந்திப் பழகுன ஆளுங்க."

சுதன் பலகையில் தொங்கிய சட்டைகளைப் பார்த்தான். பிறகு எங்கள் பக்கம் திரும்பிச் சொன்னான்.

"வதனி... கேன்."