ஸ்ரீவில்லிபுத்தூர் நீங்கலாக

ராஜபாளையத்தில் விசைத்தறி ரிப்பேர் பார்த்துவந்தவர் ஐயாதுரை. தறிகளின் இரைச்சலைக் கேட்டே எது நின்றுபோனது என்று கண்டுபிடித்துவிடுவார். கம்ப்யூட்டர் கற்றுக்கொண்டு, அதே வேலையைச் செல்போன் செய்யும்படி ஒரு மென்பொருள் எழுதினார். நிரல் முழுவதையும் இணையத்தில் போட்டு, ‘ஓப்பன் சோர்ஸ்’ என்று தலைப்பு வைத்தார்.

லைசென்ஸும் அவரே எழுதியதுதான். யாரும் பார்க்கலாம், திருத்தலாம், தொழிலுக்கு வைத்துக்கொள்ளலாம். ஸ்ரீவில்லிபுத்தூர் ஊர் எல்லைக்குள் மட்டும் கூடாது. அங்கே தறி ஓட்டிய மச்சான் வேல்சாமி, ஒரு காதுகுத்து விருந்தில் அவரை மூன்றாம் பந்தியில் உட்காரவைத்திருந்தார்.

மில் ஒன்றில் கம்ப்யூட்டர் வேலை பார்த்த நூர்பானு, ஒரு வருடமாக அந்த நிரலில் தானும் எழுதிச் சேர்த்துவந்தார்.

“அண்ணே, அந்தத் தலைப்ப எடுத்துருங்க. இது ஓப்பன் சோர்ஸ் இல்ல.”

“அம்புட்டும் வெளியிலதான கெடக்கு?”

“பாக்கக் கெடக்கு. யாரும் எதுக்கும் பயன்படுத்தலாம்னாத்தான் ஓப்பன் சோர்ஸ். ஒரு ஊரையே வெலக்கி வச்சிருக்கீய.”

ஐயாதுரை யோசித்துவிட்டு, ‘பெரும்பாலும் ஓப்பன் சோர்ஸ்’ என்று மாற்றினார்.

அடுத்த மாதம் சாலை விரிவாக்கத்தில் அவருடைய பட்டறை போனது. வேறு இடம் ஸ்ரீவில்லிபுத்தூரில்தான் கிடைத்தது.

“இனி நீங்களும் அதை ஓட்ட முடியாதுண்ணே,” என்றார் நூர்பானு.

“நான் எழுதுனதுல்லா.”

“பாதி என்னுது. அதை உங்க லைசென்ஸ்படிதான் தந்தேன்.”

ஐயாதுரை சொன்ன சொல் தவறாதவர். தறிச் சத்தத்தைப் பதிவுசெய்துகொண்டு, பைக்கில் ஊர் எல்லைப் பலகையைத் தாண்டிப் போய், அங்கே நின்று மென்பொருளை ஓட்டினார். பத்து நாள் பார்த்த போலீஸ்காரர் ஒருவர் வண்டியை நிறுத்தினார்.

“என்ன செய்யுதீரு?”

“எந்தத் தறி நிக்குன்னு பாக்கேன் சார்.”

போலீஸ்காரர் சுற்றிலும் பார்த்தார். இருபுறமும் வயல்.

அன்றே ஐயாதுரை நூர்பானுவைக் கூப்பிட்டார். “என்ன செய்யணும்னு சொல்லும்மா.” இருவரும் சேர்ந்து பழைய லைசென்ஸைத் தூக்கிவிட்டு, எந்தத் தடையும் இல்லாத ஒன்றைப் போட்டார்கள்.

சில வாரங்களில், கூமாப்பட்டியில் செல்வலட்சுமி என்பவர் அதைத் திருத்திக் கிணற்று மோட்டாருக்கு வைத்திருப்பதாகத் தெரிந்தது.

“ஒரு வார்த்தை கேக்கலையே.”

“கேக்க வேண்டியதில்லண்ணே.”

மனம் கேட்காமல் நேரில் போனார். செல்வலட்சுமிக்கு அவரை யாரென்றே தெரியவில்லை. மோட்டார் மெக்கானிக் என்று நினைத்து உள்ளே விட்டார். மோட்டாரை ஒட்டி ஒரு செல்போன் அந்த மென்பொருளை ஓட்டிக்கொண்டிருந்தது. ஐயாதுரை மோட்டார் பக்கம் காதைச் சாய்த்துச் சற்று நேரம் நின்றார்.

“போனைக் கொஞ்சம் தள்ளி வைங்க. காத்துச் சத்தம் விழுது,” என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினார்.