தோற்றவன் கைக்கடிகாரம்

என் வீட்டுக்காரர் செங்ஃபாய்க்கு மனிதர்களின் முகம் மனதில் நிற்காது. எதிர்வீட்டு அம்மாளை லிஃப்டில் பார்த்தால்கூட யாரோ எவரோ என்று ஒதுங்கி நிற்பார். ஆனால் அந்த அம்மாள் கையில் கட்டியிருப்பது என்ன கடிகாரம், எந்தக் காலத்து மாடல், வார் மாற்றியதா இல்லையா என்று கேளுங்கள், மூச்சு விடாமல் சொல்வார். மக்காவு கேசினோவில் சூதாட வருகிறவர்களுக்குச் சீட்டுப் போடுகிறவருக்கு வேறு என்ன தெரியும்? தோற்றுக்கொண்டிருப்பவன் முகத்தை நிமிர்ந்து பார்த்தால் அவனுக்கு ஆத்திரம் வரும். அதனால் மேஜைமேல் வந்து போகிற கைகளை மட்டும் பார்த்தே இருபது வருஷத்துக்கு மேல் ஓட்டிவிட்டார். வேலை நேரத்தில் இவர் கடிகாரம் கட்டக்கூடாது. அந்தக் கூடத்தில் சுவரிலும் ஒரு கடிகாரம் கிடையாது.

இப்படிப்பட்ட மனுஷனிடம் போய், மாப்பிள்ளைக்கு ஒரு நல்ல கடிகாரம் வைக்கலாமா என்று கேட்டவள் நான்தான். அந்த நேரம் பார்த்து யாராவது என் வாயில் ஒரு பன்றிக்கறி ரொட்டியைத் திணித்திருக்கலாம்.

எங்கள் ஒரே பெண் ஹோய்லாமுக்கு அப்போதுதான் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளை சிலோங்கின் பெற்றோர் கேசினோவுக்குப் பின்தெருவில் நூடுல்ஸ் கடை வைத்திருக்கிறார்கள். அவர்கள் சிவப்புப் பெட்டிகளில் சீர் கொண்டு வரும் நாளில் நாங்கள் பதில் சீர் வைக்க வேண்டும். பெல்ட், பர்ஸ், ஷூ என்று ஊரார் வைப்பதோடு நிறுத்தியிருக்கலாம். கடிகாரம் என்றதும் இவர் முகத்தில் வந்த வெளிச்சம், எங்கள் கல்யாணத்தன்றுகூட வரவில்லை.

"புதுசு கிடைக்காது, ஆ-சான். பேர் குடுத்துட்டுக் காத்திருந்தா பேரன் கல்யாணத்துக்குத்தான் வரும். நல்ல பழசா நான் பார்த்து எடுக்கிறேன். நீ தலையிடாத" என்றார்.

தலையிடவில்லை. வேலை முடிந்ததும் வீட்டுக்கு வராமல் கடை கடையாக ஏறி இறங்கினார். கடைசியில் ஒருநாள் சாப்பாட்டு மேஜையில் பூனைக்குட்டியை இறக்கி வைப்பது போல ஒரு சுவிஸ் கடிகாரத்தை வைத்தார். கறுப்பாக இருந்திருக்க வேண்டிய டயல் பழுப்பாக இருந்தது.

"இதென்ன, டீ கொட்டின மாதிரி இருக்கு?"

"அதுக்குத்தான் விலையே. கறுப்பு இப்படித் தானா நிறம் மாறணும்னா எத்தனை வருஷம் ஆகும் தெரியுமா?"

"நிறம் போனதுக்குக் கூடக் காசு குடுத்துட்டு வந்தியா? சரி, எங்க வாங்கின?"

"கடையில."

"எந்தக் கடையில?"

கூரையைப் பார்த்தார். எனக்குப் புரிந்துவிட்டது. கேசினோ வாசலுக்கு எதிரே வரிசையாக இருக்கும் அடகுக்கடைகளில் கடிகாரம் எப்படி வந்து சேர்கிறது என்று எங்கள் ஊரில் பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். இன்னும் ஒரே ஒரு ஆட்டம் என்று எவனோ கையிலிருந்து கழற்றிக் கொடுத்துவிட்டுப் போனது. அந்த ஒரு ஆட்டத்திலும் தோற்றிருப்பான். ஜெயித்திருந்தால் மீட்டிருப்பானே!

"தோத்தவன் கடிகாரத்தை மாப்பிள்ளை கையில கட்டுவியா? உனக்குப் புத்தி இருக்கா?"

"இல்ல ஆ-சான், இது தைவான்ல ஒரு பல் டாக்டர் வித்ததாம். கடைக்காரனே சொன்னான்."

"அந்தத் தெருவுல இருக்கிற எல்லாக் கடிகாரமும் பல் டாக்டர் வித்ததுதான். அப்ப தைவான்ல பல்லு பிடுங்க ஆளே மிச்சமில்லையா?"

செத்தவன் சாமான் என்றால்கூடப் பரவாயில்லை. பம்பளிமாஸ் இலை போட்ட வெந்நீரில் முக்கி எடுத்தால் தோஷம் போய்விடும். தோற்றவன் பீடை அப்படி லேசில் போகாது. அதுவும் புதுக் குடித்தனம் வைக்கப் போகிற பையன் மணிக்கட்டில்! என் பெண்ணின் வாழ்க்கை அல்லவா? திருப்பிக் கொடு என்றேன். கடைக்காரன் பாதி விலைதான் தருவானாம். அப்படியானால் பிரித்து, கழுவி, பழசையெல்லாம் எடுத்தெறிந்துவிட்டுப் புதுசு போட்டு வாங்கி வா, சுத்தமாக சர்வீஸ் செய்தால்தான் சீர்ப்பெட்டிக்குள் போகும் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன்.

கம்பெனியின் சர்வீஸ் சென்டருக்கு நானும் கூடப் போனேன். வெள்ளைக் கையுறை போட்ட ஒரு பெண், பிறந்த குழந்தையை வாங்குவது போல வாங்கிக்கொண்டாள். மூன்று வாரம் ஒரு தகவலும் இல்லை. பிறகு போன் வந்தது. விநாடி முள் அவர்களுடையது இல்லையாம், யாரோ வேறு முள்ளை மாட்டியிருக்கிறார்களாம். டயலும் கெட்டுப்போயிருக்கிறதாம். இரண்டையும் மாற்றச் சம்மதித்தால்தான் திறப்பார்களாம், கழற்றிய டயலையும் திருப்பித் தர மாட்டார்களாம்.

எனக்குக் கேட்காமலே வரம் கிடைத்த மாதிரி இருந்தது. "மாத்துங்க, எல்லாத்தையும் மாத்துங்க!" என்று கத்தினேன். இவர் போனைப் பிடுங்கி, ஒன்றும் செய்ய வேண்டாம், வந்து வாங்கிக்கொள்கிறேன் என்றார். திறக்காத கடிகாரத்துக்குப் பார்வைக் கூலி என்று ஒன்றையும் கட்டிவிட்டு வந்தோம்.

"இருபது வருஷமா கையையே பார்த்தவருக்கு முள்ளு மாறினது தெரியலையாக்கும்?" என்று பஸ்ஸில் எல்லோர் காதிலும் விழும்படி கேட்டேன். மனுஷன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அடுத்தது யாவ் என்கிற கடிகார ரிப்பேர்காரன். ஒரு மாடிப்படி மூலையில் கடை, கழுத்துவரை பச்சை குத்திய பையன், வாயில் எப்போதும் சூயிங் கம். பின்மூடியைத் திறந்து, உள்பக்கத்தில் ஊசியால் கீறிய மாதிரி இருந்த சின்னச் சின்னக் குறிகளை எனக்குக் காட்டினான்.

"ஒவ்வொரு தடவை சர்வீஸ் பண்றப்பவும் பண்ணினவன் இப்படி ஒரு குறி போடுவான், அக்கா. பாருங்க, இது நாலு பேர் கை பட்டது."

"நாலு பேரா! நாலு பேரும் தோத்தவனுங்களா?" என்று அலறினேன்.

"ஐயோ, நாலு ரிப்பேர்காரனுங்க! ஒருத்தரே ஒழுங்கா வச்சிருந்து நாலு தடவை குடுத்திருக்கலாம்ல?"

"எது எப்படியோ தம்பி, நல்லா பாலிஷ் போட்டு, டயலை மாத்திக் கண்ணாடி மாதிரி ஆக்கிக் குடு. பழைய ஆளோட வாசனையே இருக்கக்கூடாது."

அவன் மெல்லுவதை நிறுத்திவிட்டு இவரைப் பார்த்தான். இவர் தரையைப் பார்த்தார். "பாலிஷ் போட்டா விளிம்பெல்லாம் மழுங்கிடும், அக்கா. டயலை மாத்தினா வாங்கின விலையில பாதி போச்சு. அழுக்கை நான் எடுத்துடுவேன். பீடையை எடுக்க என்கிட்ட ஆயுதம் இல்ல" என்றான்.

எண்ணெய் போட்டு, உள்ளே சுத்தம் செய்து, எங்கிருந்தோ சரியான முள்ளைத் தேடிப் பிடித்து மாட்டிக் கொடுக்க அவனுக்கு மேலும் ஒரு மாதம் ஆனது. அதற்குள் ஆறு தடவை அந்தப் படி ஏறி என் முழங்கால் போனதுதான் மிச்சம். வந்த பிறகு பார்த்தால் அதே பழுப்பு, அதே கீறல். சீர் நாளுக்கு மூன்றே நாள் இருந்தது.

"இது அந்தப் பெட்டிக்குள்ள போகாது. பெல்ட்டோட நிறுத்திக்கலாம். ஒரு தோத்த பயலோட பொருள் என் பொண்ணு வீட்டுக்குள்ள நுழையக்கூடாது" என்றேன்.

இவர் அப்போதுதான் வேலை முடிந்து வந்து சாப்பிட உட்கார்ந்திருந்தார். கிண்ணத்தைக் கீழே வைத்தார். எங்கள் வீட்டில் சத்தம் போடுகிறவள் நான்தான். அவர் சத்தமும் போடவில்லை.

"ஆ-சான், தோத்தவன் காசுல வாங்காதது இந்த வீட்டுல எது? ஒண்ணு சொல்லு பார்ப்போம். இந்தச் சோறா? நீ உக்கார்ந்திருக்கிற சோபாவா? ஹோய்லாமோட காலேஜ் ஃபீஸா? ஜெயிச்சவன் எனக்குச் சம்பளம் குடுக்கலையே. அவன் காசை எடுத்துக்கிட்டுப் போயிட்டான். தோத்தவன்தான் குடுத்தான், மாசா மாசம். அவன் கை பட்டது தரித்திரம்னா, நானும்தான் தரித்திரம். என்னையும் அந்தப் பெட்டிப் பக்கம் வர விடாத."

சொல்லிவிட்டு மறுபடியும் கிண்ணத்தை எடுத்துச் சாப்பிட ஆரம்பித்தார். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. அன்றும் மறுநாளும் நான் அவரோடு பேசவில்லை, ஆனால் கடிகாரத்தைச் சிவப்புத் துணியில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்தேன்.

சீர் நாளில் சம்பந்தியம்மாவும் வந்திருந்தார். பெல்ட்டைத் தொட்டுப் பார்த்தார், பர்ஸைத் திறந்து பார்த்தார், பிறகு துணியைப் பிரித்தார்.

"அடேயப்பா! புதுசா, சம்பந்தி?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்துவிடும். இவர் சுவரோரம் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

"இல்லைங்க, பழசு. அடகுக்கடையில வாங்கினது" என்றேன்.

அந்த அம்மாளின் விரல்கள் சூடு பட்டாற்போல விலகின. "அடகுக்கடையா... எவன் கையில இருந்ததோ, என்னவோ... பையன் இப்பதான் வாழ ஆரம்பிக்கிறான்..." என்று துணியை மெதுவாக மூடப் போனார்.

எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ அந்த ஆத்திரம்!

"ஏன் சம்பந்தி, உங்க கடையில நூடுல்ஸ் தின்னுட்டுப் போறவனெல்லாம் ஜெயிச்சவனா? விடிகாலையில தனியா வந்து உக்கார்ந்து, வெறும் சூப்பு மட்டும் கேக்கிறானே, அவன் குடுக்கிற சில்லறையைத் தனியாவா எடுத்து வைக்கிறீங்க? இந்த ஊர்ல தோத்தவன் கை படாத காசு எந்த வீட்டுல இருக்கு? இவர் இருபது வருஷத்துக்கு மேல நின்னுகிட்டே சீட்டுப் போட்டுச் சம்பாதிச்சார். அந்தக் காசுல, தானே தேடித் தேடி வாங்கினது இது. பிடிக்கலைன்னா சொல்லுங்க, என் பொண்ணையும் சேர்த்து இங்கயே வச்சுக்கிறேன்!"

"அம்மா!" என்று ஹோய்லாம் தலையில் கை வைத்துக்கொண்டாள். அந்தச் சின்ன ஹாலில் இருந்தவர்கள் யாரும் யாரையும் பார்க்கவில்லை. சம்பந்தியம்மாவின் முகம் சிவந்து, பிறகு என்னவோ போல் ஆகிவிட்டது.

"சூப்பு கேக்கிறவன்கிட்ட நான் காசே வாங்கறதில்ல" என்றார் மெல்ல. பிறகு துணியை முழுக்க விலக்கிக் கடிகாரத்தைத் தன் கையாலேயே எடுத்து மகனிடம் கொடுத்தார்.

சிலோங் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "டயலை மாத்தலையே! நல்லவேளை" என்றான். நேராக இவரிடம் போய் மணிக்கட்டை நீட்டினான். "நீங்களே கட்டி விடுங்க, மாமா."

நாள் முழுக்க ஊர்பேர் தெரியாத ஆயிரம் கைகளுக்கு முன்னால் சீட்டைப் பிசகாமல் வைக்கிற கை. அன்றைக்கு அந்தக் கைக்குக் கொக்கி துளையில் விழவே இல்லை. ஒரு தடவை, இரண்டு தடவை. கண்ணில் தண்ணீர் நின்றால் கொக்கி எப்படித் தெரியும்?

"குடு இங்க. ஒரு கொக்கி மாட்டத் தெரியல, இதுல கடிகாரம் வாங்க வந்துட்டாரு" என்று அவரை இடித்துத் தள்ளிவிட்டு, நானே மாட்டிவிட்டேன்.