பீரோக் கதவுச் சத்தம் போட்ட விமானம்

நான் செய்த விமானத்தை முதன்முதலாகப் பெரிய திரையில் பார்த்தது திருப்பதியில், ஒரு பயிற்சி நிலையத்தின் இரண்டாவது மாடியில். பார்த்ததும் மனம் குளிர்ந்திருக்க வேண்டும். அன்று எனக்கு வந்த கோபம் இன்றுவரை முழுதாக இறங்கவில்லை.

சித்தூரில் ஒரு பாலிடெக்னிக்கில் இயந்திர வரைபடம் சொல்லிக்கொடுப்பது என் வேலை. வீட்டுக்கு வந்தால் கம்ப்யூட்டரில் ஃப்ளைட் சிமுலேட்டர், திரையிலேயே விமானம் ஓட்டும் மென்பொருள். ஐம்பதை நெருங்கும் பெண்ணுக்கு இது என்ன விளையாட்டு என்று கேட்காதவர்கள் எங்கள் குடும்பத்தில் இல்லை. அந்த சிமுலேட்டரில் ஓட்டுவதற்கென்று உலகம் முழுக்க ஆட்கள் விமானங்களைச் செய்து இணையத்தில் போடுகிறார்கள். சிலது விலைக்கு, பலது இலவசம். எங்கோ ஒரு குளிர்நாட்டில் பத்தே பத்து தயாரித்த தபால் விமானம்கூட அந்தப் பட்டியலில் உண்டு. விமானியின் சாம்பல் கிண்ணம்வரை செய்து வைத்திருப்பார்கள். நம் நாட்டு ஃப்ளையிங் கிளப்களில் எத்தனையோ பேர் கற்றுக்கொண்ட சின்ன இரண்டு இருக்கை விமானம் மட்டும் கிடையாது. கேட்டு எழுதினால், "அதற்கு யார் இருக்கிறார்கள்" என்று ஒருவர் பதில் போட்டார். யார் இருக்கிறார்களா? நான் இருக்கிறேன் என்று அந்த ஆத்திரத்தில்தான் உட்கார்ந்தேன்.

சந்திரகிரி போகும் வழியில் ஒரு கல்லூரி வாசலில் அந்த வகை விமானம் ஒன்று சிமெண்ட் மேடைமேல் நின்றுகொண்டிருக்கிறது. ஓடாது, அலங்காரத்துக்கு வைத்தது. அனுமதி வாங்கிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் டேப்பும் நோட்டுமாகப் போவேன். இறக்கையின் அகலம், சக்கரத்தின் விட்டம், திருகாணிக்குத் திருகாணி இடைவெளி எல்லாம் அளந்தேன். வெயிலில் தகரம் கையைச் சுடும். வீட்டுக்கு வந்து அந்த அளவுகளைக் கம்ப்யூட்டரில் உருவமாக்குவேன். மூன்று வருடம் ஆனது. உருவத்தை அளந்துவிடலாம்; பறப்பதை எப்படி அளப்பது? அந்த விமானத்தின் கையேடு எங்கே தேடியும் கிடைக்கவில்லை. வேகம் குறைந்து இறக்கை தாங்கும் சக்தியை இழக்கும் நேரம் ஒன்று உண்டு, ஸ்டால் என்பார்கள். அந்த நேரத்தில் இந்த விமானம் எப்படி நடந்துகொள்ளும் என்று எனக்குத் தெரியாது. ஊகித்து எண்களைப் போட்டேன். மூக்கு மெதுவாகத் தாழும், கையை எடுத்தால் தானாக நிமிரும். அவ்வளவுதான் என் கற்பனை.

அதனால் விமானத்தோடு ஒரு குறிப்பும் வைத்தேன். இது வீட்டில் விளையாட மட்டும். யாரும் விற்கக் கூடாது, பயிற்சிக்குப் பயன்படுத்தக் கூடாது. ஸ்டால் நடத்தை என் ஊகம், நம்பாதீர்கள். கீழே என் பெயர். இலவசமாக இணையத்தில் ஏற்றினேன். பிரேசிலிலிருந்து ஒருவர் நன்றி எழுதினார். அக்காவிடம் காட்டினேன். "பொம்ம பிளேனுக்கா மூணு வருசம் கண்ண கெடுத்துக்கின?" என்றாள்.

அக்கா நகரியில் இருக்கிறாள். வீட்டின் பின்கட்டில் நான்கு பவர்லூம் ஓடும். அவளுடைய ஒரே மகள் போன வருடம் இன்டர், அதாவது ப்ளஸ் டூ, முடித்தாள். விமானி ஆக வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாள். திருப்பதியில் விமானப் பயிற்சி நிலையம் ஒன்று திறந்திருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை பெற்றோருக்குச் செயல்விளக்கம் என்று எங்கிருந்தோ ஒரு நோட்டீஸ் கொண்டுவந்தாள். "நீ கூட வாடி, நீதான் இதெல்லாம் பாத்துக்கினு கீறியே" என்று அக்கா கூப்பிட்டாள். அவர்கள் நகரியிலிருந்து வர, நான் சித்தூரிலிருந்து போய்ப் பேருந்து நிலையத்தில் சேர்ந்துகொண்டேன்.

மாடியில் ஏசி போட்ட அறை. முப்பது நாற்பது பேர் இருந்தார்கள். பாதிப் பேர் புத்தூர், வடமாலபேட்டை, கார்வேட்டிநகரம் பக்கத்து விவசாயக் குடும்பங்கள் என்று பேச்சிலேயே தெரிந்தது. எல்லோரும் நல்ல துணி உடுத்தி, பிள்ளைகளின் மார்க் ஷீட்டை பிளாஸ்டிக் உறையில் போட்டு மடியில் வைத்திருந்தார்கள். நிலையத்தின் இயக்குநர் டை கட்டியிருந்தார். தெலுங்கிலும் தமிழிலும் மாறி மாறிப் பேசினார். இங்கே ஓட்டும் ஒவ்வொரு மணி நேரமும் பிள்ளைகளின் விமானி லைசென்சுக்கான கணக்கில் சேரும் என்றார். எனக்கு அப்போதே உறுத்தியது. அங்கே இருந்தது ஒரு கம்ப்யூட்டர், மூன்று திரை, கடையில் வாங்கிய கைப்பிடி. என் வீட்டில் இருப்பதற்கும் அதற்கும் திரைதான் வித்தியாசம்.

அப்புறம் விளக்கை அணைத்தார்கள். வெள்ளைச் சட்டையில் தோள்பட்டி போட்ட ஒரு பயிற்றுநர் உட்கார்ந்து பொத்தானை அழுத்தினார். திரையில் என் விமானம் வந்தது.

என் விமானம்தான். வால் பக்கத்தில் என் பெயரைச் சின்னதாக எழுதியிருந்த இடத்தில் அவர்களுடைய முத்திரை ஒட்டியிருந்தது. "இது வெளிநாட்டு இன்ஜினியர்கள் நமக்காகவே தயாரித்த சர்டிஃபைட் டிரெய்னர் விமானம்" என்றார் இயக்குநர். திருட்டுகூட அப்போது பெரிதாகப் படவில்லை. அடுத்து நடந்ததுதான் என்னை எழுப்பிவிட்டது.

பயிற்றுநர் விமானத்தை உயரத்துக்குக் கொண்டுபோய் வேகத்தைக் குறைத்தார். மூக்கு மெதுவாகத் தாழ்ந்தது. "பயப்படவே வேணாம். ஸ்டால் ஆனா கைய எடுத்துடுங்க. விமானம் தானா நிமிரும். இதோட டிசைனே அப்படி" என்று பிள்ளைகளைப் பார்த்துச் சொன்னார்.

என் ஊகம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சோறு வேகிற நேரத்தில், தோராயமாக நான் போட்ட நான்கு எண்கள். அதைப் பாடமாக்கி, நாளைக்கு நிஜ விமானத்தில் ஏறப்போகிற பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறார்.

எழுந்து நின்றேன். "அது தப்பு" என்றேன். "அது எனக்குத் தெரியாமல் நான் போட்ட எண். அந்த விமானத்தைச் செய்தது நான்."

அறையே திரும்பிப் பார்த்தது. இயக்குநர் சிரித்துக்கொண்டே, "மேடம், மீரு கூர்ச்சோண்டி, உட்காருங்க. கேள்விகளைக் கடைசியில் கேட்கலாம்" என்றார்.

"கேள்வி இல்லை. நான் செய்தது இது. பயிற்சிக்குப் பயன்படுத்தக் கூடாது என்று அதிலேயே எழுதி வைத்திருந்தேன். அந்தக் குறிப்பு எங்கே?"

"மேடம் என்ன வேலை செய்றீங்க?"

"பாலிடெக்னிக்கில் டிராயிங் எடுக்கிறேன்."

"டிராயிங் டீச்சர்" என்று அவர் அறைக்குத் திரும்பிச் சொன்னார். சில பேர் சிரித்தார்கள். "இத்தனை பெரிய சாஃப்ட்வேரை டிராயிங் டீச்சர் சித்தூரில் உட்கார்ந்து செய்தாராம்."

அக்கா என் சேலையைப் பிடித்து இழுத்தாள். அக்கா மகள் தலையைக் குனிந்துகொண்டாள். நான் பயிற்றுநரிடம், "தம்பி, தரையில் இறக்கி வலதுபக்கக் கதவைத் திறங்கள்" என்றேன். அவர் இயக்குநரைப் பார்த்தார். பிறகு, விளையாட்டாகத்தானோ என்னவோ, திறந்துவிட்டார். நாலா பக்கமும் இருந்த ஒலிபெருக்கிகளில் ஒரு நீளமான கிறீச், அதன் பிறகு டொக்கென்று ஒரு தட்டு.

"ஏ!" என்று கத்தியது அக்கா. "இன்னாடி இது, நம்ம பீரோ சத்தம்!"

ஆமாம், எங்கள் பீரோதான். அம்மா கல்யாணத்துக்கு வாங்கியது, இப்போது என் வீட்டில் இருக்கிறது. மேடைமேல் நின்ற விமானத்தின் கதவு துருப்பிடித்து மூடிக்கிடந்ததால், சத்தத்துக்கு வேறு வழியில்லாமல் பீரோக் கதவைத் திறந்து போனில் பதிவு செய்து சேர்த்திருந்தேன். சின்ன வயதில் அந்தச் சத்தம் கேட்காமல் அதிலிருந்து ஒரு மிட்டாய்கூட எடுக்க முடியாது. அக்கா அதற்காக எத்தனை அடி வாங்கியிருக்கிறாள்!

"சார், நாங்க அந்தச் சத்தத்துலதான் வளந்தோம்" என்று எழுந்து நின்றாள் அக்கா. அதுவரை என் விமானத்தைப் பொம்மை என்று சொல்லிக்கொண்டிருந்தவள். "எந்தத் தொர வந்து எங்க வூட்டு பீரோவ தொறந்தான்? சொல்லு."

இப்போது அறை வேறு மாதிரி சிரித்தது. இயக்குநரின் முகம் மாறிவிட்டது. வேறு நிலையத்துக்காரர்கள் அனுப்பி வந்திருக்கிறோம், வியாபாரத்தைக் கெடுக்கப் பார்க்கிறோம் என்று தெலுங்கில் சத்தம் போட்டார். விளக்கைப் போட்டார்கள். இரண்டு பேர் வந்து, மரியாதையாகவே, எங்களைக் கதவுவரை கொண்டுவந்து விட்டார்கள்.

படியில் இறங்கும்போது பின்னாலேயே ஒருவர் ஓடிவந்தார். கார்வேட்டிநகரம் பக்கம் மாந்தோப்பு வைத்திருப்பவராம். கூட அவருடைய மகள்.

"யம்மா, ஒரு நிமிசம். அப்ப இங்க ஓட்டற மணி லைசென்சுல சேராதா?"

"வீட்டு கம்ப்யூட்டரில் ஓட்டுவது எதிலும் சேராதுங்க. அதற்கென்று அரசாங்கம் ஒப்புக்கொண்ட இயந்திரம் தனி."

"அவுரு சேரும்னு சொல்றாரே."

"அதையே நிலையத்தின் தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொல்லுங்கள். தந்தால் சேர்த்துவிடுங்கள்."

அவர் மகளைக் கூட்டிக்கொண்டு மறுபடி மேலே ஏறினார்.

பேருந்தில் ஏறும்போது அக்கா மகள், "எல்லார் எதிர்லயும் மானத்த வாங்கிட்ட சின்னம்மா" என்றாள். கண் கலங்கியிருந்தது. எனக்கு அவள்மேல் கோபம் வரவில்லை. அவளை அந்த அறையில் அப்படி உட்கார வைத்தவர்கள்மேல்தான் வந்தது.

மறுநாள் ஆசிரியர் அறையில் நடந்ததைச் சொன்னேன். உடன் வேலை செய்பவர் ஒருவர், "இதுக்குப் போய் கோபப்படறீங்களே மேடம். உங்க வேலைய இத்தன பேர் பாக்கறாங்க, பெருமைதானே" என்றார். பெருமையாம்! என் பெயரை அழித்தது போகட்டும், "நம்பாதீர்கள்" என்று நான் எழுதியதை அழித்திருக்கிறார்களே, அதில் எனக்கு என்ன பெருமை? நிலையத்துக்குப் பதிவுத் தபாலில் கடிதம் எழுதினேன். பதில் இல்லை. விமானத்தை ஏற்றியிருந்த இணையதளத்துக்கு எழுதினேன். மூடிய அறைக்குள் யார் எதை ஓட்டுகிறார்கள் என்று எங்களால் பார்க்க முடியாது என்றார்கள். அவர்கள் சொன்னதும் நியாயம்தான்.

ஏதாவது பலித்தது என்றால், அது அந்த மாந்தோப்புக்காரரால்தான். அன்றைக்கு மேலே போய் எழுத்தில் கேட்டிருக்கிறார். அவரைப் பார்த்து இன்னும் சிலர் கேட்டிருக்கிறார்கள். யாருக்கும் தரவில்லை என்று பிறகு கேள்விப்பட்டேன். இரண்டு மாதம் கழித்து அந்தப் பக்கம் போனபோது பார்த்தேன். 'விமானிப் பயிற்சி' என்று இருந்த போர்டில் இப்போது 'விமான அனுபவம்' என்று இருந்தது. வாசலில் ஒட்டியிருந்த படத்தில் என் விமானம் இல்லை. பெரிய பயணிகள் விமானம் ஒன்று இருந்தது. பார்த்ததும் அடையாளம் தெரிந்தது, போலந்துக்காரர் ஒருவர் இலவசமாகக் கொடுத்தது அது. அவருக்கு எழுதினேன். அவரும் நிலையத்துக்கு எழுதுவதாகச் சொன்னார்; அவருக்காவது பதில் போட்டார்களா, தெரியாது.

அக்கா மகள் நான்கு மாதம் என்னிடம் பேசவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை தனியாகவே பஸ் ஏறிச் சித்தூர் வந்துவிட்டாள். வந்தவள் காபிகூடக் குடிக்கவில்லை.

"சின்னம்மா, அந்த நம்பர காட்டு."

எண்கள் இருக்கும் கோப்பைத் திறந்து காட்டினேன். நான்கு வரி.

"இத நீயா போட்டியா?"

"ஆமாம்."

"தெரியாதத இன்னாத்துக்கு போட்ட?"

"தெரியாது என்று எழுதியும் வைத்தேனே."

"எழுதி வெச்சா? அத யாரு படிக்கறாங்க? நானே படிக்கல. அன்னிக்கு அந்த ரூம்ல அவன் சொன்னத அப்டியே நம்பிக்கினு இருந்தேன். பிளேன்லயும் அதே பொய்தானே கீது?"

எனக்குச் சுருக்கென்றது. இத்தனை மாதம் ஊரார்மேலெல்லாம் கோபப்பட்டுக்கொண்டிருந்தேன். அந்தக் கோபத்தில் ஒரு பங்கு எனக்கும் வரவேண்டியது என்று இவள் சொல்லும்வரை தோன்றவில்லை.

அன்றிலிருந்து இருவருமாகத் தேட ஆரம்பித்தோம். அவள்தான் அந்த விமானத்தில் கற்றுக்கொடுத்த ஓய்வுபெற்ற பயிற்றுநர் ஒருவரை இணையத்தில் கண்டுபிடித்தாள். வட இந்தியாவில் இருக்கிறார். அவளே எழுதினாள். அவர் என் விமானத்தைப் பதிவிறக்கி ஓட்டிப் பார்த்துவிட்டு இரண்டு பக்கம் பதில் எழுதினார். உருவம் கச்சிதம் என்றார். கதவுச் சத்தம்கூட அப்படியேதான் இருக்கும் என்றார். ஆனால் ஸ்டாலில் இத்தனை சாதுவாக அது ஒருநாளும் இருந்ததில்லை; இடது இறக்கை திடீரென்று கவிழும், உடனே எதிர்ப்பக்கப் பெடலைக் காலால் மிதிக்காவிட்டால் சுழன்றுகொண்டே விழும், கையை விட்டுவிட்டு உட்கார்ந்திருப்பவன் தரைக்குத்தான் போவான் என்று எழுதியிருந்தார்.

படித்து முடித்ததும் அந்த நான்கு வரி இருந்த கோப்பைத் திறந்தேன்.

எண்களை மாற்ற ஆறு வாரம் பிடித்தது. புதிய விமானத்தை முதலில் அக்கா மகள்தான் ஓட்டினாள். மூன்று முறை சுழன்று விழுந்தாள். "இன்னா சின்னம்மா இது, இப்டி உழுவுது!" என்று என்னையே திட்டினாள். நான்காவது முறை காலால் மிதித்து நிமிர்த்தினாள். அவள் இப்போது சென்னையில் இயற்பியல் படிக்கிறாள். விமானி ஆசையை விடவில்லை. விடுமுறையில் வந்தால், அரசாங்கம் ஒப்புக்கொண்ட பள்ளிகளின் பட்டியலை வைத்துக்கொண்டு கேள்வி கேட்டே என்னைத் துளைத்து எடுக்கிறாள்.

பழைய விமானத்தை இணையத்திலிருந்து எடுத்துவிட்டேன். ஆனால் அந்த மாடியறையில், நான் பார்ப்பதற்கு முன்னால், எத்தனை பிள்ளைகள் அதில் உட்கார்ந்தார்கள் என்று எனக்குத் தெரியாது. கேட்டு நிலையத்துக்கு மூன்று கடிதம் போட்டேன். அந்தப் பிள்ளைகளுடைய பெயர்களாவது வேண்டும், ஒவ்வொருவரிடமும் நானே போய்ச் சொல்லிவிடுகிறேன், கையை எடுக்காதீர்கள் என்று. அதற்கும் பதில் இல்லை. போன வாரம் நான்காவது கடிதம் போட்டிருக்கிறேன்.