ஹால் சுவருக்கு ஒரு படம் தேடி மட்டாஞ்சேரிக்கு

புது வீட்டுக்குக் குடிபோய் எட்டு மாதம் ஆகிறது. ஹால் சுவரில் அடித்த இரண்டு ஆணிகள் இன்னும் சும்மாதான் நிற்கின்றன. அதில் மாட்ட ஒரு படம் வாங்கத்தான் போன மாதம் இரண்டாம் சனிக்கிழமை நானும் என் மனைவி செல்வியும் மட்டாஞ்சேரிக்குப் போனோம். நிபந்தனை ஒன்றே ஒன்று. படத்தைச் செல்விதான் தேர்ந்தெடுக்க வேண்டும், நான் வாயைத் திறக்கக் கூடாது.

எனக்கு நானே போட்டுக்கொண்ட நிபந்தனை இது. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் டிசைன் பார்க்கிறேன். எந்த நிறத்தோடு எது சேரும் என்று சொல்வதுதான் பிழைப்பு. கல்யாணமான புதிதில், பொருட்காட்சியிலிருந்து செல்வி ஆசையாய் ஒரு படம் வாங்கி வந்தாள். அருவி, பக்கத்தில் இரண்டு மான்கள். நண்பர்கள் முன்னால், "இதென்ன, சலூன் கடைக்கா?" என்று கேட்டுவிட்டேன். எல்லாரும் சிரித்தார்கள், அவளும் சிரித்தாள். அன்று சாயங்காலமே படம் பரணுக்குப் போய்விட்டது. அதற்கப்புறம் இருபத்திரண்டு வருஷமாக ஒரு திரைச்சீலைகூட அவளாக எடுத்ததில்லை. இதை நான் கவனித்ததே புது வீட்டில்தான். அவ்வளவு பெரிய ரசிகன் நான்!

காலை ஆறு மணி ரயில். பதினொன்றரைக்கு எறணாகுளம். ஸ்டேஷனிலிருந்து படகுத்துறைக்கு ஆட்டோ அறுபது ரூபாய். ஃபோர்ட் கொச்சிக்குப் படகில் ஆறு ரூபாய், இருபது நிமிஷம். அங்கிருந்து மட்டாஞ்சேரி இரண்டு கிலோமீட்டர், ஆட்டோவுக்கு எண்பது ரூபாய். ஓட்டுநர் தேனிப் பக்கத்துக்காரர், தோப்பும்படியில் குடியேறிப் பதினைந்து வருஷமாம். "யூதத் தெருவுல எல்லாரும் கூப்பிடுவாங்க அண்ணே. சேச்சிக்கு இஷ்டமான கடையில மட்டும் கேறினா மதி" என்றார் பாதி மலையாளத்தில், நுழைந்தால் போதுமாம். செல்வி உடனே என்னைப் பார்த்தாள்.

முதலில் அரண்மனைச் சுவரோவியங்கள் (வெள்ளிக்கிழமை விடுமுறை, ஏமாறாதீர்கள்). காவியும் பச்சையுமாக உருவங்கள் இடைவெளியே இல்லாமல் நெருக்கிக்கொண்டு நின்றன. "எப்படி இருக்கு?" என்றேன். "நல்லாருக்குதுங்க." அடுத்து ஒரு கேலரியில் வெறும் கோடுகளும் திட்டுகளுமான நவீன ஓவியங்கள். "நல்லாருக்குதுங்க." இன்னொன்றில் நுணுக்கமான ராஜஸ்தான் பாணிச் சிற்றோவியங்கள். அதற்கும் அதே பதில். கேலரிப் பெண் சிரித்தபடி, "சேச்சிக்கு ஏதா இஷ்டம்?" என்று கேட்டார். "அவங்களுக்குப் புடிச்சாச் சரிங்க" என்று செல்வி என்னைக் கை காட்டினாள்.

அடுத்த கேலரியில் கண்ணாடிச் சட்டம் போட்ட ஒரு கரும்பச்சை ஓவியத்தின் முன் அவள் நின்றாள். ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம், நகரவே இல்லை. அப்பாடா, பிடித்துவிட்டது என்று எனக்கு உள்ளுக்குள் துள்ளியது. சத்தம் போடாமல் பின்னால் போய் நின்றேன். கண்ணாடியில் அவள் கண்கள் தெரிந்தன. அவை படத்தைப் பார்க்கவில்லை. நான் தள்ளி நின்றபோதிலிருந்தே போலிருக்கிறது, கண்ணாடியில் தெரிந்த என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தன.

அதற்குப் பிறகு எந்தக் கேலரிக்குள்ளும் போகத் தோன்றவில்லை. இரண்டரை மணிக்குப் பிரியாணி (இருநூற்றுப் பத்து ரூபாய், அளவு தாராளம்). சாப்பிட்டுவிட்டு பஜார் ரோட்டில் மசாலா கிடங்குகளைத் தாண்டி நடந்தோம். படத்துக்குச் சட்டம் போடும் சின்னக் கடை ஒன்று வந்தது. வாசலில் சாய்த்து வைத்திருந்த ஒரு படத்தில் நீலப் படகும் பளபளவென்று ரோஸ் நிற வானமும். செல்வி தானாகவே குனிந்தாள், சட்டத்தின் ஓரத்தை விரலால் தொட்டாள். நான் மூச்சு விடவில்லை. அவள் திரும்பிப் பார்த்தாள். என் முகத்தில் எதுவும் இல்லை என்றுதான் நான் இன்னமும் நம்புகிறேன்.

"வேண்டாங்க, சும்மா பார்த்தேன்."

"இல்ல செல்வி, நல்லாருக்கு. எனக்கும் புடிச்சிருக்கு. வாங்கலாம்."

"பொய் சொல்லாதீங்க. ரோஸ் உங்களுக்கு ஆகாது."

"என்னை விடு. உனக்குப் புடிச்சிருக்கா?"

அவள் மறுபடி படத்தைப் பார்த்தாள். உண்மையாகவே முயன்றாள், பாவம். அப்புறம் மெதுவாகச் சொன்னாள்: "தெரியலைங்க. உங்க மூஞ்சியப் பார்த்தாத்தானே எனக்குத் தெரியுது."

நடுரோட்டில் அழுதுவிடுவேனோ என்று பயந்தேன். படம் வாங்கவில்லை.

போகிறவர்களுக்கு: கேலரிகள் பத்து மணிக்குமேல் திறக்கின்றன. நடந்தே பார்த்துவிடலாம், நாலு மணி நேரம் போதும். தண்ணீரும் குடையும் அவசியம். கூட வருபவரை முன்னால் விடுங்கள், நீங்கள் தெருமுனையிலேயே சாயா குடித்துக்கொண்டிருங்கள். "எப்படி இருக்கு?" என்று மட்டும் தயவுசெய்து கேட்காதீர்கள். முக்கியமாக, இதையெல்லாம் என்னைப்போல் இருபத்திரண்டு வருஷம் கழித்துச் செய்யாதீர்கள்.

போன வாரம் செல்விக்கு மட்டும் ஒரு டிக்கெட் எடுத்தேன். "நீ தனியாப் போ. உன் இஷ்டத்துக்கு ஒண்ணு வாங்கிட்டு வா. நான் எதுவும் சொல்ல மாட்டேன்" என்றேன். டிக்கெட்டை வாங்கிக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அவள் முகத்தில் லேசாக ஒரு சந்தோஷம்கூடத் தெரிந்தது.

"சரிங்க" என்றாள். "எந்தப் படத்த வாங்கட்டும்னு மட்டும் சொல்லிடுங்க."