சவரிமுத்துவிடம் நான் கேட்ட கேள்வி

போன வாரம் காரைக்குடியில் என் பழைய மாணவன் ஒருவன் மென்பொருள் அலுவலகம் திறந்தான். வாசலில் பழக்கதோஷத்தில் செருப்பைக் கழற்றிவிட்டேன். வரவேற்பில் இருந்த பெண், "செருப்போடயே வாங்கய்யா, இங்க யாரும் கழட்டுறதில்ல" என்றாள். அதற்குள் வெறுங்கால் குளிர்ந்த தரையில் பட்டுவிட்டது. ஏசிக் காற்றின் அந்த ஈரவாடையும் மூக்கில் ஏறிவிட்டது. அப்புறம் அங்கே யார் என்ன பேசினார்கள் என்பது எனக்கு நினைவில்லை. நான் எங்கள் கல்லூரியின் பழைய கம்ப்யூட்டர் அறைக்குப் போய்விட்டேன்.

அந்தக் காலத்தில் கம்ப்யூட்டர் அறைக்குள் செருப்போடு விடமாட்டார்கள் என்பது உங்களுக்கும் நினைவிருக்கும். சாமி சந்நிதி மாதிரிதான். வாசலில் கிடக்கும் செருப்புகளை வைத்தே உள்ளே யார் என்று சொல்லிவிடலாம். வார் தைத்த பழைய தோல் செருப்பு கிடந்தால் என்னோடு பாடம் நடத்திய சவரிமுத்து உள்ளே இருக்கிறார். அதைச் சுற்றிப் பையன்களின் ரப்பர் செருப்புகள் குவிந்து கிடந்தால் ஏதோ சொல்லிக்கொடுத்துக்கொண்டிருக்கிறார். என் செருப்பைச் சுற்றி அப்படி எதுவும் குவிந்ததில்லை. எனக்குப் பொறாமை வந்தது முதலில் செருப்பைப் பார்த்துத்தான் என்றால் சிரிப்பீர்கள். சிரியுங்கள்.

சவரி பள்ளத்தூரிலிருந்து பஸ்ஸில் வருவார். வாத்தியார் குடும்பம். அவருக்குத் தற்காலிக வேலை, ஒவ்வொரு வருடமும் புதுப்பிப்பார்கள். நானோ நிரந்தரம், சென்னையில் மேல்படிப்பு படித்தவன், ஊரில் நிலம் நீச்சு உள்ளவன். அவரைப் பார்த்து வயிறு எரிய ஒரு காரணமும் இல்லை. ஆனால் டீ கொண்டுவரும் கருப்பையாவுக்கு அவர் டீயில் சீனி கம்மி என்பது ஒரு நாளும் மறக்காது. எனக்குச் சீனியே கூடாது என்று சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டேன். பாகாகத்தான் வரும். "மறந்து கலக்கிட்டேன் ஸார், இன்னைக்கு மட்டும் குடிச்சுக்கிருங்க" என்பார்.

நானும் சவரியும் ஒரே வேலையைத் தனித்தனியாகச் செய்துகொண்டிருந்தோம். கம்ப்யூட்டருக்கான ஒரு மொழியின் விதிகளை எழுதிக் கொடுத்தால், அந்த மொழியைப் படித்துப் புரிந்துகொள்ளும் நிரலைத் தானே எழுதித் தரும் கருவி அது. அப்படிப் படிக்கும் நிரலுக்கு பார்ஸர் என்று பெயர். ஆக, நாங்கள் செய்தது பார்ஸர் செய்யும் கருவி. இதில் ஒரு தொல்லை உண்டு. விதிகளை அஜாக்கிரதையாக எழுதினால், ஒரே வரியை இரண்டு விதமாகப் படிக்க வழி வந்துவிடும். 10 - 4 - 3 என்று ஒரு வரி. முதலில் பத்தில் நாலைக் கழித்தால் விடை மூன்று. முதலில் நாலில் மூன்றைக் கழித்தால் விடை ஒன்பது. எதை முதலில் செய்வது என்று விதி சொல்லாவிட்டால் இயந்திரத்துக்கு இரண்டுமே சரி.

இப்படி ஓர் இடம் வந்தால் என் கருவி, முதலில் எழுதிய விதியை எடுத்துக்கொண்டு சத்தம் காட்டாமல் போய்விடும். அந்த வேகத்தில் எனக்குப் பெருமை. சவரியின் கருவி நின்றுவிடும். இரண்டு விதமாகப் படிக்கக்கூடிய வரி ஒன்றைத் தானே தேடிப் பிடித்து, இரண்டு படமாகத் திரையில் போட்டுக் காட்டும்.

"என்ன சவரி, ஒங்க கருவி சம்பந்தி வீட்டாளு மாதிரி எதுக்கெடுத்தாலும் நொட்டை சொல்லுது" என்பேன்.

"கல்யாணத்துக்கு முந்தியே சொல்லிருதுல்ல ஸார், நல்லதுதான" என்பார். பையன்கள் அவர் பக்கம் நின்று சிரிப்பார்கள்.

வேதியியல் துறையின் மின் உலையை இயக்க நான் ஒரு சிறு மொழி எழுதியிருந்தேன். மாதக்கணக்கில் இழைத்தது. ஒரு நாள் பையன்கள் முன்னால் அதை அவரிடம் நீட்டி, "இதுல ஒங்க கருவி என்ன நொட்டை சொல்லுதுன்னு பாப்பம்" என்றேன். டீ ஆறுவதற்குள் அது நின்றுவிட்டது. 'சூடாக்கு, பிறகு ஆறவிடு, மூன்று தடவை' என்று ஒரு வரி திரையில் வந்தது. மூன்று தடவை செய்ய வேண்டியது ஆறவிடுவதை மட்டுமா, சூடாக்குவதையும் சேர்த்தா? என் விதிப்படி இரண்டும் சரி.

சவரி குரலைத் தாழ்த்தி, "இந்த ஒரு எடந்தான் ஸார். மத்ததெல்லாம் பிரமாதம்" என்றார். ஏளனமாகச் சொல்லியிருந்தால் அன்றைக்கே மறந்திருப்பேன்.

அந்த மாதம், யாருடைய கருவியைக் கல்லூரி எடுத்துக்கொள்வது என்று கூட்டம் நடந்தது. சவரியுடையதை எடுத்தால் அவரை நிரந்தரமாக்கிவிடலாம் என்று தாளாளர் சொல்லியிருந்தார். தாளாளர் வியாபாரி. துறைத்தலைவர் இயந்திரவியல் படித்தவர். இந்தப் பாடம் தெரிந்தவர்கள் அந்த அறையில் நாங்கள் இருவர் மட்டும்தான். சவரி செய்து காட்டி முடித்ததும் நான் கேட்டேன்.

"ஒரு சந்தேகம் சவரி. எந்த மொழியைக் கொடுத்தாலும், இதுல கோளாறே இல்லைன்னு ஒங்க கருவி உறுதியாச் சொல்லிருமா?"

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "எல்லாத்துக்கும் முடியாது ஸார்."

"முடியாதா?" என்றார் தாளாளர். "அப்பறம் எதுக்கு நின்னு நின்னு போகுது? ஸாரோடது எப்புடி?"

"என்னோடது நிக்காம ஓடும்" என்றேன். அது பொய் இல்லை.

எந்த மொழியைக் கொடுத்தாலும் அப்படித் தீர்ப்புச் சொல்லும் கருவியை உலகத்தில் யாராலும் செய்ய முடியாது. அது நிரூபிக்கப்பட்ட விஷயம். அந்த நிரூபணத்தை வருடந்தோறும் கரும்பலகையில் எழுதிப் பாடம் நடத்தியவனே நான்தான். சவரி, "அது யாராலயும்..." என்று ஆரம்பித்தார். துறைத்தலைவர், "சமாளிக்காதீக சவரி, உக்காருங்க" என்றார். சவரி மறுபடியும் என்னைப் பார்த்தார். நான் ஒரு வார்த்தை சொன்னால் போதும். தண்ணீர் டம்ளரை எடுத்து மெதுவாகக் குடித்தேன்.

அந்த வருடம் கல்லூரி அவருடைய வேலையைப் புதுப்பிக்கவில்லை. பள்ளத்தூரில் கணக்கு டியூஷன் எடுக்கிறார் என்று கேள்விப்பட்டேன். பல வருடம் கழித்து ஒரு தடவை பஸ்ஸில், "ஸார், இங்குட்டு உக்காருங்க" என்று நகர்ந்து இடம் கொடுத்தார். மகள் படிப்பு, என் சர்க்கரை என்று பேசிக்கொண்டே வந்தவர், "அன்னைக்கு நீங்க கேட்டது நல்ல கேள்வி ஸார். பதில் தெரிஞ்சுக்கிட்டுத்தான கேட்டீக?" என்றார். கோபமே இல்லை. கோட்டையூரில் இறங்கிவிட்டேன். நான் போகவேண்டியது இன்னும் தள்ளி, கானாடுகாத்தான்.

சவரி இறந்து சில வருடங்கள் ஆகின்றன. இப்போது வரும் கருவிகள் அவருடைய கருவி மாதிரியே நிற்கின்றன. உதாரண வரியைத் தேடி இரண்டு விதமாகவும் போட்டுக் காட்டுகின்றன. முதல் தடவை அதைப் பார்த்தபோது வருத்தம் வரவில்லை, பழைய எரிச்சல்தான் வந்தது. செத்தவர் மேலும் பொறாமைப்பட முடியும் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. வருத்தம் வர இரண்டு நாள் ஆயிற்று. வந்ததும், அவருடைய கருவியை இன்னொரு தடவை ஓட்டிப் பார்க்க வேண்டும் என்று பள்ளத்தூருக்குப் போனேன்.

"அந்த ஃபிளாப்பிகளா?" என்றார் அவர் மனைவி. "பூஞ்சை புடிச்சிருச்சுன்னு அவுகளே தூக்கிப் போட்டுட்டாக. ஒங்ககிட்ட ஒண்ணு இருக்குமே ஸார்? எழுதி முடிச்சதும் மொதப் பிரதி ஒங்களுக்குத்தான் குடுத்தேம்பாக."

கொடுத்திருந்தார். 'ஸாருக்கு' என்று சீட்டு ஒட்டி, கொடுத்துத்தான் இருந்தார். அப்போது ஃபிளாப்பிக்குத் தட்டுப்பாடு. கூட்டம் முடிந்த மறுவாரம் அதை அழித்து, அதிலேயே என் கருவியைப் பதிந்துகொண்டேன்.

"இல்லம்மா, எங்கிட்ட இல்ல" என்றேன்.