அண்ணா வாங்காத செம்மஞ்சள் கார்

அண்ணா மறைந்த முப்பத்தோராம் நாளில் இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உறவுகளே, நண்பர்களே! அண்ணாவைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுதித் தரும்படி அண்ணி கேட்டார். அண்ணாவைப் பற்றி நல்லது எழுத எனக்கு யோசிக்கத் தேவையில்லை. அவருடைய தங்கச்சியான என்னைப் பற்றி எழுதுவதுதான் கஷ்டம். இரண்டையும் பிரித்து எழுத எனக்குத் தெரியவில்லை. பொறுத்துக்கொள்ளுங்கள்.

அண்ணா இணுவிலில், எங்கள் பெற்றோரின் மூத்த பிள்ளையாகப் பிறந்தார். அப்பா கண்மூடியபோது அவருக்கு வயது பதினாறு, எனக்கு ஆறு. படிப்பை விட்டுவிட்டு யாழ்ப்பாணத்தில் ஒரு கராஜில் சேர்ந்தார். பெற்றோல் கிடைக்காத யுத்த காலம் அது. துளி பெற்றோல் விட்டு எஞ்சினைக் கிளப்பி, பிறகு மண்ணெண்ணெயில் ஓட வைப்பார்கள். புகை கக்கி, இருமி இருமி ஓடிய அந்தக் கார்களோடு காலம் தள்ளியவருக்கு ஒரே ஓர் ஆசைதான் இருந்தது. "மூச்சு முட்டாத எஞ்சின் ஒண்டை வாழ்க்கையில ஒருக்கா எண்டாலும் சொந்தமா ஓட வேணும்" என்பார். வேறு எதையும் தனக்கென்று அவர் கேட்டு நான் அறியேன்.

அகதியாக ஒக்லாந்து வந்தார். அங்கே ஒடாஹுஹு பகுதியில் ஒரு கராஜில் வேலை எடுத்து, அம்மாவையும் என்னையும் கூப்பிட்டார். இதை வாசிக்கும் உங்களில் பலருடைய முதல் கார் அண்ணா பார்த்து வாங்கித் தந்ததுதான். தெருவில் ஓடத் தகுதியானது என்ற வொரண்ட் கிடைக்காமல் வந்த கார்களை ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டு வாசலில் வைத்துத் திருத்திக் கொடுத்து, சாப்பிட வைத்துத்தான் அனுப்புவார். ஊருக்கெல்லாம் கார் பார்த்துக் கொடுத்தவர் கடைசிவரை ஓடியது ஒரு பழைய வெள்ளை வான்.

அந்த நாட்களில், பெரிய எஞ்சினும் இரண்டு கதவும் கொண்ட, மசில் கார் என்று இங்குள்ளவர்கள் சொல்லும் பழைய கார்களை எவரும் சீந்தவில்லை. பெற்றோலைக் குடிக்கும் என்று அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிட்டார்கள். கராஜுக்கு வந்துபோகும் ரொன் என்ற வெள்ளைக்காரரிடம் அந்த வகையில் செம்மஞ்சள் நிற சார்ஜர் கார் ஒன்று நின்றது. அதன் எஞ்சினைப் பிரித்துப் பூட்டியது அண்ணாதான். "என்னைவிட உனக்குத்தான் இதைத் தெரியும், நீயே வைத்துக்கொள்" என்று ரொன் சொல்ல, அம்மாவுக்குக் காட்ட அண்ணா அதை வீட்டுக்கு ஓட்டி வந்தார். அந்தச் சத்தத்துக்குப் பக்கத்து வீட்டுக்காரர்கள் எல்லாம் வெளியே வந்தார்கள். அண்ணாவின் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை நான் அதற்கு முன்னும் பின்னும் கண்டதில்லை.

எனக்கு அப்போது எண்சோதிடப் பைத்தியம். நான் காரைப் பார்க்கவில்லை, இலக்கத்தகட்டைப் பார்த்தேன். இரண்டு, ஆறு, நான்கு, ஐந்து. கூட்டினால் பதினேழு. அதையும் கூட்டினால் எட்டு.

"அண்ணா, எட்டு வருது. வேண்டாம்."

"உனக்கென்ன விசரே? எஞ்சினுக்கு எட்டும் தெரியாது, எண்பதும் தெரியாது."

அம்மா குறுக்கே வந்தார். "தம்பி, அவள் சொல்லுறதைக் கேள். சனியின்ரை எண். கொப்பரும் எட்டாம் திகதிதான் போனவர்."

தகட்டை மாற்றலாமே என்று நான் சமாதானம் சொன்னேன். பழைய காருக்கு அதன் பிறவித் தகடு ஓர் அங்கம் என்று மட்டும் அண்ணா சொல்லிவிட்டு, காரைக் கொண்டுபோய் ரொனிடம் விட்டுவிட்டு பஸ்ஸில் வந்தார்.

சில வருடங்கள் கழித்து எல்லர்ஸ்லியில் ஒருவர் பச்சை மொனாரோ மசில் கார் ஒன்றை விற்கப்போவதாக அண்ணா கேள்விப்பட்டார். அதன் இலக்கம் நல்ல இலக்கம். ஆனால் ஆடி பிறந்திருந்தது. "ஆவணியில வாங்குங்கோ அண்ணா, கார் எங்க ஓடப்போகுது?" என்றேன். அடுத்த கிழமையே ஓடிவிட்டது. "பஞ்சாங்கம் பாக்காத ஆரோ கொண்டு போயிட்டான்" என்று சொல்லிச் சிரித்தார். நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன், பாவி. இன்று அந்தக் காரின் விலைக்கு நாங்கள் கிட்டவும் போக முடியாது.

போன வருடம் அண்ணாவுக்குக் கணையத்தில் புற்றுநோய் என்றார்கள். நான் நேர்த்தி வைக்காத கோயில் இல்லை. ரொனுக்கும் விஷயம் எட்டியது. சார்ஜரை அவர் விற்கவேயில்லை. அண்ணாவைத் தொலைபேசியில் அழைத்து, "ஞாயிற்றுக்கிழமை காரைக் கொண்டு வருகிறேன், நீதான் ஓட்ட வேண்டும்" என்றார்.

அந்த ஞாயிறு காலை அண்ணா தானே சவரம் செய்தார். அண்ணி இஸ்திரி போட்ட சேட்டும், இடுப்பில் நில்லாத களுசானும் போட்டு, சப்பாத்தும் கட்டிக்கொண்டு கட்டில் ஓரத்தில் இருந்தார். "தங்கச்சி, மாங்கரே பாலம் மட்டும் போயிட்டு வாறன். ஓட ஏலாட்டி ரொன் ஓடட்டும், நான் பக்கத்தில இருக்கிறன்" என்றார்.

கார் வந்து வாசலில் நின்றது. அதே நிறம், அதே தகடு. மருந்து வேலை செய்கிறது என்று டொக்டர் சொல்லி மூன்று நாள்தான் ஆகியிருந்தது. இந்த நேரம் பார்த்து அந்த எட்டில் அண்ணாவை ஏற்றுவதா? அண்ணாவின் மகள் என் கையைப் பிடித்தாள். "மாமி, ப்ளீஸ். இட்ஸ் ஜஸ்ட் எ நம்பர்." அவள் கையை உதறினேன். வெளியே போய் ரொனிடம், அண்ணாவுக்கு இன்று களைப்பு, இன்னொரு நாள் பார்ப்போம் என்று பொய் சொன்னேன். அவர் என்னைப் பார்த்தார், யன்னலைப் பார்த்தார், பிறகு ஏறிப் போய்விட்டார்.

நான் உள்ளே வந்தபோது அண்ணா தலையைச் சரித்து, தூரத்தில் தேயும் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். என்னைத் திட்டுவார் என்று நின்றேன். திட்டவில்லை.

"எஞ்சினில ஒரு பிளக் வேலை செய்யேல்லை. ரொனிட்டைச் சொல்லு, மாத்தட்டாம்."

பிறகு குனிந்து சப்பாத்துக் கயிற்றைத் தானே அவிழ்க்கப் பார்த்தார். முடியவில்லை. நான்தான் அவிழ்த்துவிட்டேன். நாலாம் நாள் அண்ணா போய்விட்டார்.

ஐயோ அண்ணா, உங்களைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்து, இருந்த ஒரே ஆசையையும் பறித்துப்போட்டேனே. ஒரு பத்து நிமிட ஓட்டம். அதைக்கூட விடவில்லையே நான். இதை யாரிடம் போய் ஆற்றுவேன்?

அண்ணாவை இரவு பகலாகப் பார்த்த தாதிமாருக்கும், கிரியைகளை நடத்திய ஐயருக்கும், எட்டு நாளும் சமைத்துக் கொண்டு வந்த அயலவருக்கும், தூர இடங்களிலிருந்து பறந்து வந்த உறவுகளுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. ரொனுக்குத் தமிழ் தெரியாது. இந்தப் பக்கத்தை அண்ணாவின் மகள் அவருக்கு ஆங்கிலத்தில் வாசித்துக் காட்டுவாள். நான் சொன்னது பொய் என்று அவர் அறிய வேண்டும். பிளக்கை மாற்றச் சொல்லி அண்ணா சொன்னதையும் அறிய வேண்டும்.

அண்ணாவை மயானத்துக்குக் கொண்டுபோன நீண்ட கறுப்புக் காரின் சாரதிக்கும் நன்றி. பெட்டியை ஏற்றிக் கதவைச் சாத்தியபோது, என் பாழாய்ப்போன கண் அந்த இலக்கத்தகட்டில் போய் நின்றது. கூட்டிப் பார்த்தேன். ஆறு வந்தது. வாகனத்துக்கு அதைவிட நல்ல எண் கிடையாது.