அமெரிக்க வக்கீலின் உயில்

என் சித்திக்குத் தொம்மலூரில் ஒரு கம்பெனியில் வேலை. அமெரிக்காவின் பழைய கையெழுத்துத் தாள்களைப் பார்த்துக் கம்ப்யூட்டரில் அடிக்க வேண்டும். ஒரே பக்கத்தை இரண்டு பேர் தனித்தனியாக அடிப்பார்கள். ஓர் எழுத்து மாறினாலும் மேலதிகாரி கூப்பிட்டு விடுவார். அதனால் எழுத்தைப் பார்க்க வேண்டும், விஷயத்துக்குள் போகக் கூடாது என்பது சித்தியின் கொள்கை. எனக்கோ அடுத்த வீட்டு விஷயம் என்றால் சோறு தண்ணீர் வேண்டாம்.

நான் ஐந்தாம் வகுப்பு படித்தபோது, சித்தி வீட்டுக்குக் கொண்டுவந்த லேப்டாப்பில் ஒரு வக்கீல் வந்து சேர்ந்தார். என்றோ செத்துப்போனவர். பருத்தித் தோட்டம் வைத்திருந்தார், தேர்தலில் நின்று சட்டசபைக்கும் போனார். மீசை இருந்ததா, மனைவியோடு சண்டை போடுவாரா என்று கேட்டுச் சித்தியின் உயிரை வாங்கினேன். கடைசியில் அவருடைய உயில் வந்தது. கடிகாரம் மகனுக்கு, ஹன்னா என்பவள் பெரிய மகளுக்கு, ஹன்னாவின் கைக்குழந்தை சின்ன மகளுக்கு.

ஹன்னா யார் என்று கேட்டேன்.

"வேலைக்காரியா இருப்பா. சும்மா இருடி, ஒரு லைன் விட்டுப்போச்சு."

அந்த மாதமே பள்ளியில் பேச்சுப் போட்டி: 'நான் வியக்கும் மனிதர்'. மற்றவர்கள் எல்லோரும் தலைவர்களைப் பிடித்துக்கொள்ள, நான் என் வக்கீலைப் பிடித்துக்கொண்டேன். சாகும்போதுகூட வேலைக்காரியை மறக்காதவர், இரண்டு மகள்களுக்கும் துணை வேண்டுமே என்று தாயை ஒரு வீட்டுக்கும் பிள்ளையை ஒரு வீட்டுக்கும் அனுப்பிய நல்லவர் என்று முழங்கினேன். முதல் பரிசு, ஒரு டிபன் பாக்ஸ். மூன்றாம் வரிசையில் இருந்த சித்தி மட்டும் கை தட்டவில்லை. எனக்கு அழுகை வந்தது.

லிங்கராஜபுரத்தில் இருந்த வீட்டுக்குத் திரும்பும் பஸ்ஸில் சித்தி கேட்டாள்.

"அந்த ஹன்னா லைனை நான்தானே அடிச்சேன்?"

அடித்ததில் ஏதோ பிழை வந்துவிட்டது, அதற்குத்தான் பயப்படுகிறாள் என்று நினைத்தேன். தைரியம் சொன்னேன்.

"ஆமா சித்தி. ஒரு தப்புகூட இல்லாம அடிச்சே."

சித்தி என்னை இழுத்து மடியில் உட்கார வைத்துக்கொண்டாள். அடிமை என்ற சொல் என் பாடப்புத்தகத்தில் வர இன்னும் இரண்டு வருஷம் இருந்தது. பத்து வயதுப் பெண்ணை மடியில் வைத்தால் பஸ்ஸில் பார்க்கிறவர்கள் சிரிக்க மாட்டார்களா என்பதுதான் அன்றைக்கு என் கவலை. டிபன் பாக்ஸ் குத்துகிறது என்று சொல்லி இறங்கப் பார்த்தேன். எங்கள் ஸ்டாப் வரும்வரை சித்தி விடவில்லை.